கிளாரினெட்டிலிருந்து சாக்ஸபோனுக்கு மாறுதல்

கிளாரினெட் கலைஞர் அதை விட்டுவிட்டோ, அதோடு சேர்த்தோ சாக்ஸபோனைக் கையில் எடுப்பது மேற்கத்திய இசையில் மிகவும் பரவலான கருவி மாற்றம். இரண்டும் ஒற்றை ரீட் வைத்து ஊதப்படுபவை. சாக்ஸபோன் பித்தளையில் செய்யப்பட்டாலும், ஒலி ரீடில் பிறப்பதால் மரக்காற்றுக் கருவிகளின் குடும்பத்திலேயே அது வைக்கப்படுகிறது. அதை உருவாக்கிய பெல்ஜியர் அடால்ஃப் சாக்ஸ் (1814–1894) கிளாரினெட் கற்றவர். பாஸ் கிளாரினெட்டைச் செப்பனிட்டு 1838-இல் காப்புரிமை வாங்கியபின், 1846-இல் பாரிஸில் சாக்ஸபோனுக்கும் பெற்றார்.

மாறுகிறவருக்கு முதலில் புரிய வேண்டியது உட்குழலின் வடிவம். கிளாரினெட்டின் குழல் பெரும்பாலும் ஒரே அகலமுள்ள உருளை. ரீட் உள்ள முனை மூடிய முனைபோல நடந்துகொள்வதால், கட்டைவிரலால் ரெஜிஸ்டர் கீயை அழுத்தும்போது அதிர்வெண் மும்மடங்காகிறது: ஸட்ஜம் ஒலித்த விரலமைப்பில் மேல் ஸ்தாயிப் பஞ்சமம் வருகிறது. சாக்ஸபோனின் குழல் கூம்பு. அங்கே அதிர்வெண் இருமடங்குதான். ஸட்ஜத்துக்கு மேல் ஸ்தாயி ஸட்ஜமே. கிளாரினெட்டில் கட்டைவிரல் துளையோடு இடக்கையின் மூன்று விரல்களையும் மூடினால் கீழே ‘சி’, ரெஜிஸ்டர் கீயுடன் மேலே ‘ஜி’. சாக்ஸபோனில் அந்த மூன்று விரல்களுக்கு இரண்டு ஸ்தாயியிலும் ‘ஜி’. ஆக, கிளாரினெட்டின் மேல் பகுதிக்குப் பழகிய விரல்கள் ஏறக்குறைய அப்படியே உதவும். தடுமாற்றம் கீழே: தாளில் ‘சி’யைக் கண்டதும் மூன்று விரல்களும் தாமாக இறங்கும், காதில் விழுவது ‘ஜி’. சில வாரங்களில் இது சரியாகிவிடும்.

சரியாக நாளாவது வாய். கிளாரினெட்டைச் சரிவாகப் பிடித்து, தாடையை இழுத்துத் தட்டையாக்கி, உதட்டை இறுக்கி ஊதுகிறோம். சாக்ஸபோனின் மவுத்பீஸ் கிட்டத்தட்ட நேராக வாய்க்குள் வரும். உதடு அதைச் சுற்றித் தளர்ந்து நிற்க வேண்டும். பழைய இறுக்கத்தோடு ஊதினால் ஒலி மெலிந்து சுருதி ஏறும். ஆல்டோ சாக்ஸபோனின் மவுத்பீஸை மட்டும் கழற்றி ஊதச் சொல்லிப் பார்க்கும் ஆசிரியர்கள் உண்டு. பியானோவின் ‘ஏ’ சுரத்தோடு பொருந்தினால் பிடிப்பு சரி; கிளாரினெட்காரர் ஊதினால் பெரும்பாலும் அதைத் தாண்டிப்போகும்.

இன்னொரு வேறுபாடு துளைகள். கிளாரினெட்டில் முக்கியமான துளைகளை விரல் நுனியே மூடுகிறது. சாக்ஸபோனில் எல்லாவற்றையும் பேடுகள் எனப்படும் மெத்தை மூடிகள் மூடுகின்றன. விரலை மெல்ல நகர்த்திச் சுரத்தை வழுக்கவிடும் வசதி போய்விடுவதால், அந்த வேலை உதட்டுக்கும் தொண்டைக்கும் வந்து சேர்கிறது. கமகமே உயிரான கர்நாடக இசையில் இது சிறிய விஷயமல்ல. நாகஸ்வரக் குடும்பத்திலிருந்து சாக்ஸபோனுக்கு வந்த கத்ரி கோபால்நாத்தும் (1949–2019) துளையிலிருந்து பேடுக்கு மாறியவர்தான்.

சுருதியைப் பொறுத்தவரை, சாக்ஸபோன் வகைகளில் சோப்ரானோவும் டெனோரும் வழக்கமான கிளாரினெட்டைப் போல பி-ஃபிளாட் கருவிகள், ஆல்டோ ஈ-ஃபிளாட்.

இந்த மாற்றத்தின் புகழ்பெற்ற உதாரணம் நியூ ஆர்லியன்ஸ் கிளாரினெட் கலைஞர் சிட்னி பெஷே. வில் மரியன் குக்கின் இசைக்குழுவோடு 1919-இல் லண்டன் போனவர், அங்கே இருந்த காலத்தில் நேர்க்குழலாக இருந்த ஒரு சோப்ரானோ சாக்ஸபோனை வாங்கினார். பார்வைக்குப் பித்தளைக் கிளாரினெட் போலிருக்கும் அது, சுருதி நிற்காமல் ஓடுவதில் பேர்போனது. அதையே அவர் தன் முதன்மைக் கருவியாக்கிக்கொண்டார். கிளாரினெட்டை முழுவதும் விடவுமில்லை.

பின்னாளில் நடனக் குழுக்களிலும் பிராட்வே நாடக அரங்குகளிலும் ஒருவரே இரண்டையும், சமயத்தில் புல்லாங்குழலையும் வாசிப்பது வேலையின் நிபந்தனையானது. ஆனால் சாக்ஸபோனிலிருந்து கிளாரினெட்டுக்கு வருகிறவர் பாடு கடினம். பேடுகளை நம்பிப் பழகிய விரல் துளையின் ஓரத்தில் இம்மியளவு விலகினாலும் காற்று கசிந்து, கருவி கீச்சிடும்.