புரவலர், நிறுவனம், ஏலம்: இந்தியக் கிரிக்கெட் வீரரின் ஊதியமும் உரிமையும்

முன்னுரை

புதுக்கோட்டைக்கு வடமேற்கே, அன்னவாசல் செல்லும் வழியில் இருக்கிறது சித்தன்னவாசல் குன்று. அதன் மேற்குச் சரிவில் குடைந்த அறிவர் கோயிலின் விதானத்தில் தாமரைக் குளம் ஒன்று தீட்டப்பட்டுள்ளது. அன்னமும் மீனும் யானையும் எருமையும் நிறைந்த அந்தக் குளத்தில் சிலர் இறங்கிப் பூப்பறிக்கிறார்கள். பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில், 9ஆம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் இந்தக் கோயிலைப் புதுப்பித்து முகமண்டபம் எடுப்பித்ததைப் பாறையில் உள்ள கல்வெட்டு சொல்கிறது. தாமரையைத் தீட்டிய ஓவியரின் பெயர் அதில் இல்லை.

பொருள் தந்தவர் பெயர் கல்லில் நிற்க, கைவண்ணம் காட்டியவர் பெயர் மறைந்த காலம் அது. இன்றைய விளையாட்டில் நிலைமை மாறிவிட்டது. வீரரின் பெயரும் விலையும் ஏலம் முடிந்த அன்று மாலையே சிற்றூர் தேநீர்க் கடை வரை பேசப்படுகின்றன. ஆனால் தன் திறமையை யாருக்கு, என்ன விலைக்கு, எத்தனை ஆண்டுக்குத் தருவது என்று முடிவு செய்யும் உரிமை அவருக்கு வந்துவிட்டதா? இந்தியக் கிரிக்கெட்டில், சிறப்பாகச் சென்னையை ஒட்டி நடந்த மாற்றங்களைக் கொண்டு இந்தக் கேள்விக்கு விடை தேடுகிறது இக்கட்டுரை.

புரவலரும் நிறுவனமும்

இந்தியக் கிரிக்கெட்டின் முதல் ஊதியம் அரண்மனைகளிலிருந்து வந்தது. சி.கே. நாயுடுவை 1923இல் இந்தூருக்கு அழைத்துக்கொண்ட ஹோல்கர் மன்னர், அவருக்குத் தம் படையில் பதவி தந்தார். சமஸ்தானங்கள் மறைந்தபின் அந்த இடத்துக்கு வங்கிகளும் ரயில்வேயும் தொழில் நிறுவனங்களும் வந்தன. அஜித் வடேகரும் ஜி.ஆர். விஸ்வநாத்தும் பாரத ஸ்டேட் வங்கி ஊழியர்கள். 2001இல் கரக்பூர் ரயில் நிலையத்தில் டிக்கெட் பரிசோதகராக வேலைக்குச் சேர்ந்தார் மகேந்திர சிங் தோனி.

சென்னையில் இந்த முறை மிக ஆழமாக வேரூன்றியது. இந்தியா சிமெண்ட்ஸ், கெம்ப்ளாஸ்ட், ஸ்பிக், எம்.ஆர்.எஃப் போன்ற நிறுவனங்கள் லீக் அணிகளை நடத்தியதோடு வீரர்களுக்கு வேலையும் தந்தன. மாதச் சம்பளம் ஆட்டத்துக்கு இல்லை, பதவிக்குத்தான். இதனால் ஒரு நன்மை இருந்தது: காயம் பட்டாலும், ஃபார்ம் போனாலும், வயது ஏறினாலும் வீட்டில் அடுப்பு எரிந்தது. ஒரு குறையும் இருந்தது: ஆட்டத்தின் மதிப்பு எவ்வளவு என்று யாரும் கணக்கிடவில்லை. 1983இல் உலகக் கோப்பையை வென்று வந்தவர்களுக்குப் பரிசு தர இந்தியக் கிரிக்கெட் வாரியத்திடம் பணம் இல்லை. லதா மங்கேஷ்கர் டெல்லியில் பாடித் திரட்டிக் கொடுத்த நிதியிலிருந்துதான் ஆளுக்கு 1 லட்சம் ரூபாய் தரப்பட்டது.

அமெரிக்க பேஸ்பாலின் பாடம்

பணம் புழங்கத் தொடங்கியபின் வீரரின் உரிமை என்னவாகும் என்பதை நமக்கு முன்பே சந்தித்தது அமெரிக்க பேஸ்பால். 1879இலேயே அங்கு அணி உரிமையாளர்கள் ஓர் உடன்பாட்டுக்கு வந்தனர்: ஒப்பந்தம் முடிந்தாலும் வீரர் அதே அணிக்குக் கட்டுப்பட்டவர், அணியாக விடுவித்தாலன்றி வேறு இடம் போக முடியாது. இந்த விதி சுமார் ஒரு நூற்றாண்டு நீடித்தது.

1969இல் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணி கர்ட் ஃப்ளட் என்ற ஆட்டக்காரரைக் கேட்காமலே பிலடெல்பியாவுக்கு மாற்றியது. தன்னை வாங்கவும் விற்கவும் தான் ஒரு சொத்து அல்ல என்று பேஸ்பால் ஆணையருக்குக் கடிதம் எழுதி, வழக்கும் தொடுத்தார் ஃப்ளட். 1972இல் உச்ச நீதிமன்றத்தில் 5க்கு 3 என்ற கணக்கில் தோற்றார். அவருடைய ஆட்ட வாழ்வு அதற்கு முன்பே முடிந்திருந்தது. ஆனால் மார்வின் மில்லர் தலைமையிலான வீரர் சங்கம் ஓயவில்லை. 1975 டிசம்பரில் நடுவர் பீட்டர் சைட்ஸ், ஒப்பந்தத்தில் கையெழுத்திடாமல் அந்த ஆண்டைக் கழித்த இரு பந்து வீச்சாளர்கள் இனி எவருக்கும் கட்டுப்பட்டவர்கள் இல்லை எனத் தீர்ப்பளித்தார். அடுத்த ஆண்டு சங்கமும் உரிமையாளர்களும் கையெழுத்திட்ட உடன்பாட்டில், ஆறு ஆண்டுகள் ஆடியவர் விரும்பிய அணியோடு பேசலாம் என்ற உரிமை பிறந்தது. 2024 டிசம்பரில் ஹுவான் சோட்டோ நியூயார்க் மெட்ஸ் அணியோடு 15 ஆண்டுகளுக்கு 76.5 கோடி டாலருக்கு ஒப்பந்தம் செய்துகொண்டது அந்த உரிமையின் விளைச்சல்.

2007: போட்டி லீக்கும் தடையும்

இந்தியாவில் வாரியத்துக்கு வெளியே ஒரு சந்தை முளைத்தது 2007இல். ஜீ குழுமம் தொடங்கிய இந்தியன் கிரிக்கெட் லீக்கில் சென்னை சூப்பர்ஸ்டார்ஸ் என்ற அணி இருந்தது. ஸ்டூவர்ட் லா தலைமையில், ஹேமங் பதானி போன்ற தமிழக வீரர்களோடு ஆடிய அந்த அணியே அவ்வாண்டு டிசம்பரில் முதல் கோப்பையை வென்றது.

அதில் சேர்ந்தவர்களுக்கு வாரியம் தடை விதித்தது. மாநில அணியில் இடமில்லை. வாரியத்தின் ஓய்வூதியமும் இல்லை. 2009இல் பொதுமன்னிப்பு வரும்வரை, நல்ல சம்பளம் தேடிப் போனதற்கான தண்டனையை அந்த வீரர்கள் சுமந்தார்கள். அதே வேளையில் உள்ளூர்ப் போட்டிகளுக்கான ஊதியத்தை வாரியம் உயர்த்தியது; 2007 செப்டம்பரில் ஐ.பி.எல் தொடரையும் அறிவித்தது. இரண்டாவதாக ஒருவர் விலை கேட்டபோதுதான் முதலாமவர் கை திறந்தது. ஆனால் அந்த இரண்டாமவர் நிலைக்க விடப்படவில்லை.

2008 பிப்ரவரி 20: ஒரு முடிவின் கணக்கு

2008 பிப்ரவரி 20 அன்று மும்பையில் முதல் ஏலம் நடந்தது. ஓர் அணி செலவிடக்கூடிய உச்சவரம்பு 50 லட்சம் டாலர், அன்றைய மதிப்பில் சுமார் 20 கோடி ரூபாய். சச்சின், கங்குலி, டிராவிட், யுவராஜ், சேவாக் ஆகியோர் ‘ஐகான்’ வீரர்களாகச் சொந்த ஊர் அணிகளுக்கே ஒதுக்கப்பட்டிருந்தனர். அணியில் மிக அதிக விலை பெறுபவரைவிட 15 விழுக்காடு கூடுதலாக அவர்களுக்குத் தர வேண்டும் என்பது விதி.

தோனிக்காகச் சென்னையும் மும்பையும் மோதியபோது இந்த விதிதான் முடிவைத் தீர்மானித்தது. 15 லட்சம் டாலருக்குத் தோனியை மும்பை எடுத்திருந்தால் சச்சினுக்கு 17.25 லட்சம் தந்தாக வேண்டும். இருவருக்கே 32.25 லட்சம் போய்விடும், மீதி 17.75 லட்சத்தில் முழு அணியைத் திரட்ட வேண்டும். சென்னைக்கு ஐகான் வீரர் இல்லை. ஆகவே அந்தச் சுமையும் இல்லை. தேர்வுப் பொறுப்பில் இருந்த வி.பி. சந்திரசேகர் விடாமல் கேட்டார்; தோனி சென்னைக்கு வந்தார். அணியின் வெற்றி களத்துக்கு வருமுன்பே சம்பளக் கணக்கில் தொடங்குகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று நம்மிடம் இல்லை.

அந்த மேசையில் தோனி இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கரக்பூர் நடைமேடையில் டிக்கெட் கேட்டவருக்கு 6 கோடி ரூபாய் கிடைத்தது. ஊரைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்புக் கிடைக்கவில்லை.

ஜடேஜா: தடையிலிருந்து பரிமாற்றம் வரை

இந்த முறையின் எல்லைகளை ரவீந்திர ஜடேஜாவின் வரலாறு முழுமையாகக் காட்டுகிறது. 2008இல் 19 வயதுக்குட்பட்டோருக்கான ஒதுக்கீட்டில் ராஜஸ்தான் ராயல்ஸ் அவரை எடுத்தது. அந்த ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் வேறு அணியோடு பேச முயன்றார் என்பதற்காக 2010 தொடர் முழுவதும் ஆட அவருக்குத் தடை விதிக்கப்பட்டது. ஃப்ளட் நீதிமன்றத்தில் கேட்டதைத்தான் இந்த இளைஞரும் நாடினார் எனலாம். ஆனால் அவருக்காகப் பேச ஒரு சங்கம் இல்லை.

2012 ஏலத்தில் சென்னையும் டெக்கான் சார்ஜர்ஸும் 20 லட்சம் டாலர் வரை சென்று சமனில் நின்றன. இரு அணிகளும் கூடுதல் தொகையை இரகசியமாக எழுதிக் கொடுக்க, சென்னை வென்றது. அந்தக் கூடுதல் தொகை ஜடேஜாவுக்குப் போகவில்லை. விதிப்படி வாரியத்துக்குச் சேர்ந்தது. 2025 தொடருக்கான ஏலத்துக்கு முன் 18 கோடிக்குத் தக்கவைக்கப்பட்ட அவர், அவ்வாண்டு நவம்பரில் சஞ்சு சாம்சனுக்கான பரிமாற்றத்தில் 14 கோடிக்கு ராஜஸ்தானுக்கே திரும்பினார். பரிமாற்றத்துக்கு இன்று வீரரின் ஒப்புதல் வேண்டும். 2010ஐ நினைத்தால் இது முன்னேற்றம்தான்.

உச்சவரம்பும் அதற்கு மேல் உள்ளதும்

2025 தொடருக்கான ஏலத்தில் ஓர் அணியின் ஏலத் தொகை (பர்ஸ்) 120 கோடி ரூபாய். 2008ஐவிட ஆறு மடங்கு. சென்னை அணி ருதுராஜ், ஜடேஜா, பதிரானா, துபே, தோனி ஐவரையும் 65 கோடிக்குத் தக்கவைத்து, 55 கோடியோடு ஏலத்துக்கு வந்தது. ஐந்து ஆண்டுகள் சர்வதேச ஆட்டம் ஆடாத இந்தியர் ‘அன்கேப்டு’ வீரராகக் கருதப்படுவார் என்ற விதியால் தோனிக்கு 4 கோடி மட்டுமே. அதற்கு முந்தைய ஒப்பந்தத்தில் அவருக்கு 12 கோடி.

அதே ஏலத்தில் ரிஷப் பந்துக்கு லக்னோ 20.75 கோடி கேட்டு நின்றது. அதே விலையைத் தந்து வீரரைத் திரும்பப் பெறும் ஆர்.டி.எம் உரிமையைப் பழைய அணியான டெல்லி கையிலெடுக்க, லக்னோ ஒரே தாவலில் 27 கோடிக்குப் போனது. தக்கவைப்பில் இல்லாத வீரருக்குச் சந்தை எவ்வளவு தரத் தயாராக இருக்கிறது என்பது அந்தச் சில நொடிகளில் வெளிப்பட்டது.

மொத்தத் தொகையைப் பார்த்தால் படம் தெளிவாகும். 2023 முதல் 2027 வரையிலான ஊடக உரிமை 48,390 கோடி ரூபாய்க்கு விற்றது. ஆண்டுக்கு 9,678 கோடி. ஏலத் தொகை, ஆட்ட ஊதியம், செயல்திறன் ஊதியம் எல்லாம் சேர்த்து 2025இல் ஓர் அணியின் உச்சவரம்பு 146 கோடி. பத்து அணிகளும் கடைசி ரூபாய் வரை செலவிட்டாலும் 1,460 கோடிதான். ஊடக உரிமைப் பணத்தில் மட்டும் ஏறத்தாழ 15 விழுக்காடு. அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கில் வருவாயின் சரிபாதியளவு வீரர்களுக்கு என்று சங்கத்தோடு எழுதி வைத்திருக்கிறார்கள். 2025 டிசம்பர் மினி ஏலத்தில் கேமரன் கிரீனுக்குக் கொல்கத்தா 25.20 கோடி கேட்டது. வெளிநாட்டவருக்கான உச்சவரம்பால் அவர் கைக்கு 18 கோடி. மீதி வாரியத்தின் வீரர் நல நிதிக்கு.

தமிழக வீரர்கள்

தமிழ்நாட்டு இளைஞர்களுக்கு இந்தச் சந்தை கதவு திறந்ததை மறுக்க முடியாது. சேலம் மாவட்டச் சின்னப்பம்பட்டியின் நடராஜன், தமிழ்நாடு பிரீமியர் லீக் (டி.என்.பி.எல்) ஆட்டத்தால் அறியப்பட்டு 2017இல் பஞ்சாப் அணிக்கு 3 கோடிக்குப் போனார். கட்டடக் கலைஞராக இருந்த வருண் சக்கரவர்த்தியை அதே அணி 20 லட்சம் அடிப்படை விலையிலிருந்து 8.4 கோடிக்கு எடுத்தது.

சாய் சுதர்சனின் விலை இன்னும் நுட்பமான பாடம். 2023இல் டி.என்.பி.எல் முதன்முறையாக ஏலம் நடத்தியபோது கோவை அணி அவரை 21.6 லட்சத்துக்கு எடுத்தது. அதே ஆண்டு ஐ.பி.எல் தொடர் முழுமைக்கும் குஜராத் அவருக்குத் தந்தது 20 லட்சம். அந்தத் தொகைக்குத்தான் இறுதி ஆட்டத்தில் சென்னைக்கு எதிராக 47 பந்துகளில் 96 ரன் எடுத்தார். 2025க்கு அவர் 8.5 கோடிக்குத் தக்கவைக்கப்பட்டார். திறமை வெளிப்பட்ட நாளுக்கும் விலை திருந்திய நாளுக்கும் இடையே ஒப்பந்தச் சுழற்சி நின்றது.

முடிவுரை

புரவலர் காலத்தில் வீரருக்குப் பாதுகாப்பு இருந்தது, விலை இல்லை. நிறுவனக் காலத்தில் மாதச் சம்பளம் இருந்தது, ஆட்டத்தின் மதிப்பு அதில் இல்லை. ஏலக் காலத்தில் விலை வந்தது. தக்கவைப்பை மறுக்கலாம், பரிமாற்றத்துக்கு ஒப்புதல் தர மறுக்கலாம் என்ற அளவுக்கு உரிமையும் வந்திருக்கிறது. ஆனால் எத்தனை ஆண்டுகள் ஆடினாலும், விரும்பிய அணியோடு நேராகப் பேசும் தகுதி எந்த வீரருக்கும் சேர்வதில்லை.

பேஸ்பாலில் அந்தத் தகுதியைப் பெற்றுத் தந்தது நீதிமன்றமோ உரிமையாளரின் பெருந்தன்மையோ இல்லை, வீரர் சங்கம். இந்தியாவில் 2019இல் தொடங்கிய இந்தியக் கிரிக்கெட் வீரர் சங்கம் ஓய்வு பெற்றவர்களுக்கானது. இன்று களத்தில் ஆடுபவர்களுக்கு அப்படி ஒன்று இல்லை. அதை அமைப்பதே அடுத்த படி. 27 கோடி வாங்குபவரைவிட, அடிப்படை விலைக்கு ஏலம் போய் அடுத்த ஆண்டு விடுவிக்கப்படும் சிற்றூர்ப் பையனுக்குத்தான் அது உடனே தேவை.