கழிவாகும் முன்: நெகிரி செம்பிலான் தோட்டங்களில் பொருள் மேலாண்மையும் மழைநீர் மாசும்

செம்பனை எண்ணெய் ஆலைகளின் கழிவுநீரை மலேசியா கட்டுக்குள் கொண்டுவந்த வரலாறு சுற்றுச்சூழல் ஆய்வாளர்கள் நன்கு அறிந்ததே. 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ் 1977இல் வந்த விதிகள் ஆலைகளுக்கு உரிமமும் கட்டணமும் விதித்தன. ஆற்றில் விடப்படும் நீரின் உயிர்வேதி ஆக்சிஜன் தேவைக்கு லிட்டருக்கு 5,000 மில்லிகிராம் என்று தொடங்கிய வரம்பு, 1984க்குள் 100ஆக இறங்கியது. ஆலைக்கு ஒரு குழாய் உண்டு. அதன் வாயில் நின்று மாதிரி எடுக்கலாம், தவறினால் தண்டிக்கலாம். ஆனால் அதே ஆலைக்குக் கூப்பிடு தூரத்திலுள்ள உரக் கொட்டகைக்கும், களைமருந்து ஸ்டோருக்கும், டிராக்டர் பட்டறைக்கும் அப்படி ஒரு குழாய் இல்லை. அங்கிருந்து வெளியேறுவதெல்லாம் மழையோடு போகிறது. மழை விட்டபின் அளப்பதற்கு எதுவும் மிஞ்சுவதில்லை. தோட்டத்து மழைநீர் மாசைக் கழிவுப் பிரச்சினையாகவே பார்க்கும் வரை அது நம் கைக்குப் பிடிபடாது என்பதே என் வாதம். அதைக் கையிருப்பிலேயே, அதாவது பொருள் இன்னும் பயன்படுபொருளாக இருக்கும்போதே, பிடிக்க வேண்டும்.

தனியார் தோட்டத்தின் இந்தக் கிடங்குகளைப் பொதுப்பணிக் கிடங்குகளைப் போலவே பார்ப்பது சிலருக்கு விநோதமாகப் படலாம். ஆனால் நெகிரி செம்பிலானின் ரந்தாவ், சிலியாவ், லாபு, பகாவ் வட்டாரங்களில் சாலை போட்டதும், வாய்க்கால் வெட்டியதும், குடிநீர் கொடுத்ததும், குப்பைக்குழி தோண்டியதும் தோட்ட நிர்வாகங்களே. அந்த வேலைகளில் வியர்வை சிந்தியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். அரசின் பொதுப்பணித் துறைக் கிடங்கில் என்னென்ன இருக்குமோ அத்தனையும் தோட்டத்திலும் இருந்தன, இருக்கின்றன: சரளைக் குவியல், டீசல் தொட்டி, கிரீஸ், பழைய மின்கலம், பெயின்ட், இவற்றோடு உரமும் களைக்கொல்லியும்.

தோட்டத்து வடிகால்களின் வரலாற்றில் ஒரு முரண் உண்டு. 1901 முதல் கிள்ளான் வட்டாரத்தில் மருத்துவர் மால்கம் வாட்சன் தொடங்கிய மலேரியா ஒழிப்பு, குன்றுப்பாங்கான தோட்டங்களுக்குப் பரவியபோது புதிய எதிரியைச் சந்தித்தது. அனாபிலிஸ் மக்குலாட்டஸ் என்னும் கொசு தேங்கிய சேற்றை விட்டு, வெயில் படும் தெளிந்த ஓடைகளில் முட்டையிட்டது. அடிநிலக் குழாய் பதிப்பதோடு, ஓடைகளில் எண்ணெய் தெளிப்பதும் அதற்கான ஆயுதமாயிற்று. தண்ணீரில் எண்ணெய்ப் படலம் தெரிவதுதான் நிர்வாகம் அக்கறையோடு இருப்பதற்கு அடையாளம் என்று ஒரு தலைமுறை முழுவதும் பழகியது. தோட்ட மக்களுக்குக் காய்ச்சல் குறைந்தது உண்மை. அதைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. ஆனால் வடிகால் என்பது வேண்டாததைக் கொண்டுபோகும் வழி என்ற எண்ணம் எண்ணெய் தெளிப்பு நின்ற பின்னும் நிற்கவில்லை.

மேற்குக் கரையின் மாலை மழை எப்படி வேலை செய்கிறது என்பதைப் பட்டறை முற்றத்தில் பார்த்தால் புரியும். பருவக்காற்று மாறும் ஏப்ரல், அக்டோபர் மாதங்களையொட்டி இடியோடு வரும் மழை குறுகிய நேரத்தில் கொட்டித் தீர்த்துவிடும். பல நாள் சொட்டிய டீசல், சேறோடு ஒட்டிய கிரீஸ், கிழிந்த சாக்கிலிருந்து சிந்திய யூரியா, தெளிப்பான் கழுவிய இடத்துக் களைக்கொல்லி ஆகியவற்றில் பெரும்பங்கு அந்த மழையின் முதல் பகுதியிலேயே அடித்துச் செல்லப்படுகிறது. பிற்பகுதி ஏறக்குறைய தெளிவாக ஓடும். அதனால்தான் மறுநாள் காலை வந்து மாதிரி எடுப்பவர் கையில் பெரும்பாலும் நல்ல தண்ணீரே கிடைக்கிறது.

போகும் திசையும் ஒன்றல்ல. ரந்தாவ் பக்கத்து வடிகால்கள் லிங்கி ஆற்றைத் தேடி மலாக்கா நீரிணைக்குப் போகின்றன. அந்த ஆற்று நீர்தான் சுத்திகரிக்கப்பட்டுக் குழாய்நீராகிறது. பகாவ் பக்கத்து ஜெம்போல் மாவட்டத்திலோ, ஜெம்போல் ஆறு மூவாரில் சேர்ந்து மேற்கே போக, செர்த்திங் ஆறு பகாங்கை நோக்கிக் கிழக்கே போகிறது. இரண்டுக்கும் இடையிலுள்ள மேடு மிகத் தாழ்ந்தது. பெனாரிக்கான் என்ற இடத்தில் பழைய வணிகர்கள் படகைத் தரைவழியே இழுத்துக் கடந்திருக்கிறார்கள். அங்கே ஒரு பட்டறை மேட்டின் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதைப் பொறுத்து அதன் எண்ணெய் எந்தக் கடலுக்கு என்பது தீர்மானமாகிறது.

சட்டம் இதையெல்லாம் கவனிக்காமல் இல்லை. 2005ஆம் ஆண்டின் அட்டவணைக் கழிவு விதிகள் பழைய மசகு எண்ணெயையும், மருந்து படிந்த கலன்களையும், எண்ணெய்த் துணிகளையும் பட்டியலிட்டு, 180 நாளுக்கு மேல் அல்லது 20 டன்னுக்கு மேல் சேர்த்து வைக்கக் கூடாது என்கின்றன. எனினும் இவை பொருள் கழிவான பிறகே விழித்துக்கொள்கின்றன. திறந்த வெளியில் பாதி காலியாக நிற்கும் எண்ணெய்ப் பீப்பாய் கழிவே அல்ல, நிர்வாகத்தின் சொத்து. மழை அதன் மூடியைச் சுற்றித் தேங்கி, நிரம்பி, வழியும் அந்த இடைவெளியில் இந்த விதிகளுக்கு வேலை இல்லை. நீர்ப்பாசன வடிகால் துறை 2000இல் வெளியிட்டு 2012இல் திருத்திய நகர மழைநீர்க் கையேட்டில் தீர்வுகள் பல உண்டு. ஆனால் அது முக்கியமாகப் புதிய கட்டுமானங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. பழைய தோட்டத்துக் கொட்டகைகள் அதன் பார்வைக்கு வெளியே நிற்கின்றன.

நிலைத்தன்மைச் சான்றிதழ்கள் போதாதா என்று நிர்வாகங்கள் கேட்கலாம். சான்றிதழ்களால் டீசல் தொட்டியைச் சுற்றித் தடுப்புச் சுவர் வந்திருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சுவரின் அடியில் மழைநீரை வெளியேற்றும் வால்வு ஒன்று இருக்கும். அது திறந்தே கிடந்தால் சுவர் வெறும் அலங்காரம். மூடியே கிடந்தால் உள்ளே மழைநீர் நிறைந்து, தொட்டி கசியும் நாளில் எண்ணெய் தங்க இடமிருக்காது. வால்வை யார், எப்போது திறக்கிறார், நீரைப் பார்த்தபின்தான் திறக்கிறாரா என்பதே கேள்வி. அதற்குத் தணிக்கைக் கோப்பு பதில் சொல்லாது. மருந்துத் தடையும் தனியாகப் போதாது. மலேசியாவில் பாராகுவாட் என்னும் களைக்கொல்லி 2002இல் தடை செய்யப்பட்டு, 2006இல் மீண்டும் அனுமதிக்கப்பட்டு, 2020இல் மறுபடியும் தடைக்குள்ளானது. தெனகானிதா போன்ற அமைப்புகள் மருந்தடிக்கும் பெண்களின் உடல்நலத்தை முன்வைத்து நடத்திய அந்தப் போராட்டம் நியாயமானது. ஆனாலும் ஸ்டோரின் தரை அப்படியே இருக்க, உள்ளே இருக்கும் மருந்து மட்டும் மாறினால் மழைக்கு வேறுபாடு தெரியப் போவதில்லை.

இது சிறு விஷயம் என்று தள்ளுவோருக்கு 2020 செப்டம்பரை நினைவூட்டலாம். சிலாங்கூர் ரவாங்கில் கனரக இயந்திரப் பராமரிப்புக் கூடம் ஒன்றிலிருந்து கோங் ஆற்றில் மாசு கலந்ததாக அதிகாரிகள் அறிவித்தனர். கிள்ளான் பள்ளத்தாக்கில் சுமார் 12 இலட்சம் இணைப்புகளுக்குத் தண்ணீர் நின்றது. தோட்டத்துப் பட்டறையில் கிடப்பதும் பெரும்பாலும் அதே வகைப் பொருள்தான்.

செய்யக்கூடியது ஒன்று ஏற்கெனவே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. 1990ஆம் ஆண்டுத் தொழிலாளர் குடியிருப்புக் குறைந்தபட்சத் தரச் சட்டத்தின்படி தோட்டக் குடியிருப்புகளை வாரம் ஒருமுறை சோதித்துப் பதிவு செய்ய வேண்டும். தொழிலாளர்கள் டிரஸ்ஸர் என்று அழைத்த மருத்துவ உதவியாளர்கள் வீட்டுக்கு வீடு நடந்து, வடிகாலில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா, கொசுப்புழு இருக்கிறதா என்று பார்த்து எழுதும் வழக்கம் அது. அந்த நடையை லயத்தின் கடைசி வீட்டோடு நிறுத்தாமல் பட்டறை, உரக் கொட்டகை, மருந்து ஸ்டோர் வரை நீட்டலாம். கூரை ஒழுகுகிறதா, சாக்குகள் தரையைத் தொடாமல் பலகைமேல் உள்ளனவா, தடுப்புச் சுவர் வால்வு மூடியிருக்கிறதா, தெளிப்பான் கழுவிய நீர் எங்கே போகிறது என்ற நான்கு கேள்விகளை அதே பதிவேட்டில் சேர்க்கலாம். புதிய துறையோ கருவியோ தேவையில்லை, சட்டத் திருத்தத்தில் சில வரிகள் போதும். பதிவேடு எந்த மொழியில் இருக்க வேண்டும் என்பதையும் அத்திருத்தமே சொல்ல வேண்டும். இன்று டிராக்டர் ஓட்டுபவரும் மருந்து அடிப்பவரும் இந்தோனேசியராகவோ வங்காளதேசத்தவராகவோ இருக்க வாய்ப்பு அதிகம்.