குப்பைத்தொட்டிக்குப் போன பிரகடனம்

இந்தோனேசிய விடுதலை நாளான ஆகஸ்ட் 17 அன்று ஜகார்த்தாவின் எந்தச் சந்துக்குள் நுழைந்தாலும் ஒரே கூச்சல். எண்ணெய் பூசிய பாக்கு மரத்தில் இளவட்டங்கள் ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறிச் சறுக்கி விழுகிறார்கள். உச்சியில் வாளி, சட்டை, சில இடங்களில் சைக்கிள்கூடத் தொங்கும். நம்மூர் வழுக்கு மரமேதான். பக்கத்தில் பொடிசுகள், கயிற்றில் ஆடும் கெருப்புக் வறுவலைக் கை படாமல் வாயால் கவ்வப் படாதபாடு படுகின்றன. அதிபர் மாளிகையில் கொடியேற்றும் இளைஞர் அணி 17, 8, 45 பேர் எனப் பிரிந்து நடக்கிறது. தேதியே அணிவகுத்து வருகிற மாதிரி. மரமேறுவது அன்று நாட்டை ஆண்ட டச்சுக்காரர்கள் வேடிக்கை பார்த்த விளையாட்டு, அதை விட்டொழிக்க வேண்டும் என்று சிலர் முணுமுணுப்பார்கள். ஏறுகிறவன் காதில் அது விழுவதில்லை.

1945-இல் இந்த ஆரவாரம் எதுவும் கிடையாது. அது நோன்பு மாதம் வேறு.

விடுதலை இயக்கத் தலைவர்கள் சுகர்ணோவையும் ஹத்தாவையும் சென்ற வாரம் ரெங்காஸ்டெங்க்லோக் என்ற ஊரில் விட்டு வந்தோம். உடனே விடுதலையை அறிவியுங்கள் என்று அவர்களைக் கடத்திப்போன இளைஞர்களிடம், நாளையே அறிவிப்பு வரும் என்று உறுதி கொடுத்து மீட்டு வந்தார் இன்னொரு தலைவரான சுபார்ஜோ. ஆகஸ்ட் 16 இரவு ஜகார்த்தா திரும்பினால், அப்போது நாட்டைப் பிடித்து வைத்திருந்த ஜப்பானியத் தரைப்படையின் அதிகாரி நிஷிமுரா கையை விரித்துவிட்டார். ஜப்பான் சரணடைந்தாயிற்று, இனி எதையும் மாற்ற முடியாது என்றார்.

பிரகடனத்தை எழுத இடம் கொடுத்தவர் ஜப்பானியக் கடற்படை அதிகாரி மயேதா. வீட்டைத் திறந்துவிட்டு மாடிக்குத் தூங்கப் போய்விட்டார். தூங்கினாரா என்பது அவருக்கே வெளிச்சம்!

கீழே மேசையில் கோடு போட்ட தாள். ஹத்தாவும் சுபார்ஜோவும் சொல்லச் சொல்ல, சுகர்ணோ அடித்துத் திருத்தி எழுதினார். மொத்தம் இரண்டே வாக்கியம். யார் யார் கையெழுத்திடுவது என்பதில்தான் இழுபறி. தேசத்தின் பெயரால் சுகர்ணோவும் ஹத்தாவும் போட்டால் போதும் என்று முடித்துவைத்தார் சுகர்னி. கடத்தல்காரர்களில் ஒருவர்தான் அவர்!

தட்டச்சு செய்ய உட்கார்ந்தார் சயூத்தி மெலிக். இயந்திரம், ஜெர்மன் கடற்படை அலுவலகத்தில் இரவல் வாங்கியது. வேலை முடிந்ததும் கையெழுத்துப் பிரதி குப்பைத்தொட்டிக்குப் போனது. அதைப் பொறுக்கியெடுத்துப் பத்திரப்படுத்தியவர் பத்திரிகையாளர் டியா. அரசின் கைக்கு அது வந்து சேர்ந்தது 1992-இல்தான்.

விடிந்தால் வெள்ளிக்கிழமை. மலேரியாக் காய்ச்சலோடு எழுந்த சுகர்ணோ, பத்து மணிக்குத் தன் வீட்டு வாசலில் அந்த இரண்டு வாக்கியங்களைப் படித்தார். மனைவி ஃபாத்மாவதி தைத்த சிவப்பு வெள்ளைக் கொடி மூங்கில் கம்பத்தில் ஏறியது. அரச மரியாதை, பீரங்கி முழக்கம் எதுவும் இல்லை.

அங்கே கேமராவோடு நின்றவர்கள் மெண்டூர் சகோதரர்கள். அண்ணன் அலெக்ஸின் படங்களை ஜப்பானியர்கள் பறித்துக்கொண்டார்கள். மிச்சம், தம்பி ஃபிரான்ஸின் படச்சுருள் மட்டும். அதைத் தன் பத்திரிகை அலுவலகத் தோட்டத்தில், ஒரு மரத்தடியில் புதைத்தார் அவர்.

மண்ணைத் தள்ளி மூடிய கொஞ்ச நேரத்தில் ஜப்பானியர்கள் அவரையும் தேடி வந்துவிட்டார்கள். சுருள் எங்கே என்று கேட்டார்கள். ஃபிரான்ஸ் சொன்ன பதில்...

(தொடரும்)