ஒரு கூடைப் பருத்தியின் எடை



அமெரிக்காவின் தென் மாநிலங்களில் ஓக் மரத்தைப் பிளந்து பின்னும் கூடைகள் ரொம்பப் பிரபலம். பார்க்க அவ்வளவு அழகா இருக்கும். ஆனா அந்தக் கூடையைத் தூக்கும்போதே நடுங்கின மனுஷங்களும் இருந்தாங்க. இன்னைக்கு அந்த வரலாறுதான்.

முதல்ல கூடை எப்படி உருவாகுதுன்னு பார்ப்போம்.

கணு இல்லாமல் நேராக வளர்ந்த இளம் வெள்ளை ஓக் மரத்தை வெட்டுவாங்க. ஈரம் காய்வதற்குள் ஆப்பு வெச்சு ரெண்டா, நாலா, எட்டாப் பிளப்பாங்க. பிறகு மரத்தின் ஆண்டு வளையத்தை ஒட்டியே மெல்லிய பிளாச்சுகளா உரிச்சு, கத்தியால சீவிப் பின்னுவாங்க.

ஏன் ரம்பம் வெச்சு அறுக்கறதில்லை? அறுத்தா நார் அறுந்துடும். பிளந்தா நார் முழுசா நிற்கும். ஈரத்தில் வளையும், காய்ந்தால் இறுகும். ஆணி, பசை எதுவும் வேண்டாம்.

பருத்தித் தோட்டங்களில் இந்தக் கூடைகளைப் பின்னியவர்களில் கறுப்பின அடிமைகள் ஏராளம். அதில் பருத்தியைச் சுமந்ததும் அவங்கதான்.

சாலமன் நார்த்அப். சுதந்திர மனிதராப் பிறந்தவர். 1841இல் கடத்தப்பட்டு, லூசியானாவில் அடிமையா இருந்து, 1853இல் மீண்டு வந்து அதே வருஷம் தன் கதையைப் புத்தகமாக்கினார்.

அவர் சொல்வது இதுதான்: கழுத்தில் தொங்கும் பையில் பருத்தி பறிக்கணும். வரிசை முடிவில் இருக்கும் கூடையில் கொட்டணும். இருட்டினதும் கூடையோட எடை போடப் போகணும். ஒரு நாள் கணக்கு 200 பவுண்டு. அதாவது சுமார் 90 கிலோ.

குறைஞ்சா சவுக்கடி. கூடுதலா இருந்தா? பெரும்பாலும் மறுநாள் கணக்கு அதுக்கேத்தபடி ஏறும்!

ஒரு காயில் கிடைப்பது சில கிராம் பருத்திதான். மருத்துவனா எனக்கு அந்த உடம்புதான் கண்ணுக்குத் தெரியுது. 90 கிலோவுக்குக் காயின் கூரான ஓட்டில் விரல் எத்தனை ஆயிரம் தடவை உரசியிருக்கும்? முதுகு எத்தனை மணி நேரம் வளைஞ்சே இருந்திருக்கும்?

1865இல் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. கூடை ஒழியலை. விடுதலையானவர்களின் பிள்ளைகளும் பின்னினாங்க, வித்தாங்க. 20ஆம் நூற்றாண்டில் பருத்தி பறிக்கும் இயந்திரங்கள் பரவிய பிறகு, வயலில் கூடைக்கு வேலை போச்சு.

இப்ப அந்தக் கூடைகள் மியூசியத்துல கலைப்பொருள். பல கூடைகளைப் பின்னியவர் பெயர்கூட யாருக்கும் தெரியாது. எங்கேயாவது பார்த்தா தாராளமா ரசிங்க. கூடவே, இதைச் சுமந்தது யாருன்னும் ஒரு நிமிஷம் யோசிங்க.