ஐரோப்பியத் தொலைக்காட்சி அலைவரிசைகள் கைமாறிய வரலாறு

ஓர் அரசு தன் காட்டையும் கழனியையும் அயல்நாட்டைக் கேளாமலே பங்கிட்டுக்கொள்ளலாம். வானொலி அலைகளை அவ்வாறு பங்கிடுதல் இயலாது. எல்லைக்கு அப்பாலுள்ள கோபுரம் அதே மீடிறனில் ஓங்கி ஒலிக்குமாயின், இப்பாலுள்ள நாடு தனக்கென வகுத்துக்கொண்ட அலைவரிசை பயனற்றுப்போகும். 2006 ஆம் ஆண்டுக்கும் 2022 ஆம் ஆண்டுக்கும் இடையில் ஐரோப்பாவிலே தொலைக்காட்சிக்குரிய ஒரு பட்டையின் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு கையடக்கத் தொலைபேசிச் சேவைக்கு மாற்றப்பட்டது. இது விஞ்ஞான வளர்ச்சியின் விளைவென்றே பெரும்பாலும் கூறப்படுகின்றது. அஃது அரை உண்மையே. மாற்றத்தை இயலச்செய்தது விஞ்ஞானம். அதன் வேகத்தை நிர்ணயித்தது அயலவரோடு நாடுகள் கொண்ட உறவு. இத்தாலியின் வரலாற்றை நோக்குவார்க்கு இது தெளிவாகும்.

1961 இல் ஸ்ரொக்ஹோம் நகரிற் கூடிய மாநாடு ஐரோப்பியத் தொலைக்காட்சி நிலையங்களுக்கு மீடிறன்களை ஒதுக்கும் திட்டமொன்றை வகுத்தது. 470 முதல் 862 மெகாஹேர்ட்ஸ் வரையுள்ள பட்டை, ஒவ்வொன்றும் 8 மெகாஹேர்ட்ஸ் அகலமுடைய 49 அலைவரிசைகளாகப் பிரிந்து நின்றது. அனலொக் முறையில் ஓர் அலைவரிசை ஒரு நிகழ்ச்சியையே தாங்கும். டிஜிற்றல் முறை வந்தபின் அதே இடத்திற் பல நிகழ்ச்சிகள் அடங்கின. பேர்லின் நகரம் 2003 ஆகஸ்டிலேயே பழைய முறையைக் கைவிட்டது. 2006 இல் ஜெனீவாவிற் கூடிய மாநாடு ஐரோப்பா, ஆபிரிக்கா, மத்திய கிழக்கு ஆகிய பகுதிகளுக்கு டிஜிற்றல் ஒளிபரப்புத் திட்டத்தை வகுத்து, 470–862 பட்டையில் அனலொக் நிலையங்களுக்குரிய பாதுகாப்பு 2015 ஜூன் 17 உடன் முடிவுறும் என விதித்தது.

அத்திட்டம் பட்டை முழுவதையும் தொலைக்காட்சிக்கென்றே கருதி வரையப்பட்டது. ஆயினும் ஒன்றரை ஆண்டு கழியுமுன்னரே, 2007 இன் உலக வானொலி மாநாடு 790 மெகாஹேர்ட்சுக்கு மேலுள்ள ஒன்பது அலைவரிசைகளைத் தொலைபேசிக்கும் திறந்துவிட்டது. இம்மீடிறன்கள் நெடுந்தூரம் செல்வன, சுவர்களை ஊடுருவுவன. குறைந்த கோபுரங்களைக்கொண்டு நாட்டுப்புறம் முழுவதற்கும் சேவை வழங்கலாமாதலின், அவற்றின்மீது தொலைபேசிக் கம்பனிகள் கண்வைத்தமை வியப்பன்று. ஜேர்மனி 2010 இல் அவற்றை ஏலத்தில் விற்றது.

அடுத்த நகர்வு ஐரோப்பாவிலிருந்து வரவில்லை என்பது ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. 2012 மாநாட்டிலே ஆபிரிக்க, அரபு நாடுகள் 694 முதல் 790 வரையுள்ள பகுதியும் தொலைபேசிக்கு வேண்டுமென வற்புறுத்தின. கம்பித் தொலைபேசி பரவாத அந்நாடுகளுக்கு அது நியாயமான தேவை. ஐரோப்பியர் எதிர்பாராத அக்கோரிக்கை நிறைவேறியது. 2015 மாநாட்டில் 694 என்ற எல்லை உறுதியாயிற்று. மேலும் பன்னிரண்டு அலைவரிசைகள் போக, தொலைக்காட்சிக்கு எஞ்சியவை 28.

எஞ்சியவற்றுள் நிலையங்களை அடக்குவதிலேதான் அயலுறவு சோதனைக்குள்ளாயிற்று. ஒரு நாடு தன் நிலையமொன்றைக் கீழுள்ள அலைவரிசைக்கு இறக்குமாயின், அங்கு ஏற்கெனவே ஒளிபரப்பும் அயல்நாட்டு நிலையம் இடம்பெயர நேரும். அது வேறொரு நாட்டு நிலையத்தை நகர்த்தும். ஆகவே பிரான்சு, ஜேர்மனி, பெல்ஜியம், நெதர்லாந்து, பிரித்தானியா முதலிய மேற்கைரோப்பிய நாடுகள் 2009 முதல் ஒருங்கே அமர்ந்து இவ்விடயத்தை ஆராய்ந்தன. அங்கே பணி பெரிதாயினும் பிணக்கு சிறிது.

இத்தாலியில் நிலைமை முற்றிலும் வேறு. 1976 இல் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் உள்ளூர் மட்டத்தில் தனியார் ஒளிபரப்பை அனுமதித்தது. ஆனால் அதனை ஒழுங்குபடுத்தும் சட்டம் 1990 வரை வரவில்லை. இடைப்பட்ட பதினான்கு ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான நிலையங்கள் முளைத்தன. வெற்றிடம் கண்டவர் அதிற் குடியேறினர். முந்தியவருக்கே உரிமை என்பதே நடைமுறையாயிற்று. ஒரே ஒளிநாடாவைப் பல உள்ளூர் நிலையங்களில் ஒரே நேரத்தில் ஓடவிட்டு, சட்டம் மறுத்த நாடளாவிய ஒளிபரப்பைச் சாதித்தோரும் உளர். அயல்நாட்டுக்கு உரித்தான அலைவரிசை எது என்று வினவுவார் அங்கிலர்.

இதன் பாரத்தைச் சுமந்தோர் அயலவரே. அத்திரியாட்டிக் கடலில் ஐம்பது கிலோமீற்றரிலும் குறைந்த கரையேயுடைய சுலோவீனியா, எதிர்க்கரையிலுள்ள குரோசியா, சிசிலிக்குத் தெற்கேயுள்ள சிறு தீவான மோல்டா ஆகியன ஜெனீவாத் திட்டத்தில் தமக்குக் கிடைத்த அலைவரிசைகளைத் தம் கரைகளிற் பயன்படுத்த இடர்ப்பட்டன. கோடையில் கடல்மேற் படியும் காற்றடுக்குகள் அலைகளை வழக்கத்திலும் தொலைவுக்குக் கொண்டுசெல்வதால் இடையூறு அக்காலத்தில் மிகுந்தது. பிரான்சும் சுவிற்சர்லாந்தும்கூட முறையிட்டன. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் வானொலி ஒழுங்குவிதிச் சபை ஆண்டுதோறும் இதனை ஆராய்ந்து கண்டித்தது. தண்டிக்கும் அதிகாரம் அதற்கில்லை.

இத்தாலி அரசைக் கண்டனம் அசைக்கவில்லை. ஏலப்பணம் அசைத்தது எனல் மிகையன்று. 2011 இல் மேற்பட்டையை விற்றபோது, அங்கிருந்த உள்ளூர் நிலையங்களுக்கு இழப்பீடு கொடுத்தே அவற்றை வெளியேற்ற வேண்டியதாயிற்று. பின்னர் அயல்நாட்டுக்கு இடையூறு செய்யும் அலைவரிசைகளைக் கைவிடுவோருக்கும் இழப்பீடு சட்டமாயிற்று. விதியை மீறியவருக்கே பொருளீந்து விதியைக் காத்த இவ்வேற்பாடு நீதியானதா என ஐயுறலாம். ஆயினும் நாற்பதாண்டு அனுபவ உரிமையை அகற்ற அவ்வரசுக்கு வேறு வழி புலப்படவில்லை.

2017 மேயில் ஐரோப்பிய ஒன்றியம் 694 முதல் 790 வரையுள்ள பகுதியை 2020 ஜூன் 30 இற்குள் விடுவிக்கவேண்டும் எனவும், அயல்நாடுகளோடு செய்யவேண்டிய உடன்படிக்கைகளை 2017 முடிவுக்குள் செய்யவேண்டும் எனவும் தீர்மானித்தது. தக்க காரணமிருப்பின் ஈராண்டுத் தவணை உண்டு. கிழக்கெல்லை நாடுகளுக்கு ருசியாவின் விமான வழிகாட்டிச் சேவைகள் அத்தகைய காரணமாயின. இத்தாலி ஈராண்டையும் எடுத்துக்கொண்டது. அயலவரோடு உடன்படிக்கை செய்து, 2018 ஒக்டோபரில் முடிவுற்ற, பிற பட்டைகளும் அடங்கிய ஏலத்தில் 650 கோடி யூரோவுக்கு மேல் பெற்று, 2021 நவம்பரில் சார்டினியாத் தீவிலிருந்து நிலையங்களை இடம்மாற்றத் தொடங்கி, 2022 ஜூன் முடிவில் அப்பணியை நிறைவேற்றியது.

அத்துடன் தொலைக்காட்சிப் பிணக்குப் பெரிதும் ஓய்ந்தது. பண்பலை வானொலி ஓயவில்லை. 1976 தீர்ப்பின் நிழலில் அதே வகையிற் பெருகிய வானொலி நிலையங்களைக் குறித்துச் சுலோவீனியாவும் குரோசியாவும் 2022 இற்குப் பின்னரும் ஜெனீவாவில் முறையிட்டன. அப்பட்டையை விலைகொடுத்து வாங்கவந்த தொலைபேசிக் கம்பனி எதுவுமில்லை.