திரித் துப்பாக்கியின் மீது விழுந்த பழி



சில ஆண்டுகளுக்கு முன், மாணவர் சிலருடன் கோவில்பட்டியிலிருந்து புறப்பட்டு, எட்டயபுரத்தைக் கடந்து, பருத்தியும் கம்பும் சோளமும் விளையும் கரிசற் பரப்பின் வழியே பாஞ்சாலங்குறிச்சிக்குச் சென்றேன். 1974ஆம் ஆண்டில் தமிழக அரசு எழுப்பிய நினைவுக் கோட்டையைச் சுற்றிப் பார்த்து முடித்ததும், ஒரு மாணவர் என்னை அணுகிக் கேட்டார்: "ஐயா, நம்மவர் கையில் இருந்தவை மலிவான நாட்டுத் துப்பாக்கிகள், கும்பினியார் கையில் இருந்தவை உயர்ந்த துப்பாக்கிகள். அதனால்தானே நாம் தோற்றோம்?"

"ஆம்" என்று சொல்லிவிடுவது எளிது. பல மேடைகளில் அவ்வாறே சொல்லக் கேட்டிருக்கிறோம். ஆயினும் அச்சொல் என் நாவில் எழவில்லை. பாஞ்சாலங்குறிச்சிக்கு அண்மையில், அக்கோட்டையைத் தாக்க வந்து மாண்ட ஆங்கிலேயரின் கல்லறைகள் இருக்கின்றன. நாட்டுத் துப்பாக்கி அத்துணைப் பயனற்றதாயின், அக்கல்லறைகள் அங்கே எவ்வாறு வந்தன? அந்த மாணவருக்கு அன்று நான் முழுமையாகச் சொல்லாத விடையை இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

முதற்கண், இருவகைத் துப்பாக்கிகளும் எவ்வாறு இயங்கின என்பதை அறிந்துகொள்ளுதல் வேண்டும். பாளையக்காரரின் வீரர்கள் பெரும்பாலும் ஏந்தியது திரித் துப்பாக்கி. நீண்ட இரும்புக் குழல். அதனைத் தாங்கும் மரக்கட்டை. குழலின் அடியில் ஒரு சிறு துளை. துளையின் அருகே சிறிதளவு மருந்து இடும் கிண்ணம். வெடியுப்பில் ஊறவைத்து உலர்த்திய கயிறு ஒன்று மெல்லக் கனன்றுகொண்டிருக்கும். விசையை இழுத்ததும் கயிற்றைப் பற்றியுள்ள கொக்கி தாழ்ந்து கிண்ணத்து மருந்தைத் தீண்டும். தீ துளை வழியே உட்சென்று குண்டை வெளியே தள்ளும். கும்பினிச் சிப்பாய் ஏந்தியது சக்கிமுக்கித் துப்பாக்கி. அதில் கனலும் கயிறு இல்லை. சக்கிமுக்கிக் கல் எஃகுத் தகட்டில் உரசித் தீப்பொறியை உண்டாக்கும். மற்றபடி இரண்டும் உட்புறம் வழவழப்பான குழலையே உடையவை. இரண்டிலும் மருந்தையும் ஈயக் குண்டையும் குழலின் வாய் வழியே இட்டுக் கோலால் இடித்து நிரப்புதல் வேண்டும்.

திரித் துப்பாக்கியின் குறைகளை மறைத்தல் முறையன்று. பயிற்சி பெற்ற சிப்பாய் ஒரு நிமிடத்தில் மூன்று முறை சுடுவான். திரித் துப்பாக்கியாளன் ஒரு முறை சுட்டு மீண்டும் ஆயத்தமாவதற்குள் ஏறத்தாழ அந்த நிமிடம் கழிந்துவிடும். இரவில் கனலும் திரி, இருக்குமிடத்தைப் பகைவனுக்குக் காட்டிக்கொடுக்கும். மழையில் நனைந்தால் அணைந்துபோகும். எல்லாவற்றிலும் பெரிய குறை வேறொன்று. ஒவ்வொருவன் கையிலும் நெருப்பும் இடையில் வெடிமருந்தும் இருக்கையில், வீரர்கள் தோளோடு தோள் நெருங்கி நிற்க இயலாது. நெருங்கி நின்று, ஒரே சொல்லுக்கு ஒருங்கே சுட்டு, பின்னர்த் துப்பாக்கி முனையில் செருகிய கத்தியுடன் பாய்வதே அக்கால ஐரோப்பியப் போர்முறை. அம்முறைக்குத் திரித் துப்பாக்கி ஏற்றதன்று. திறந்த வெளியில் அது தாழ்ந்த கருவியே என்பதை ஒப்புக்கொள்வோம்.

ஆனால் ஒரு கருவியை அது செய்யப்பட்ட வேலையைக் கொண்டும் அது வழங்கிய நிலத்தைக் கொண்டுமே மதித்தல் வேண்டும். கரிசற்சீமை மழை குறைந்த நிலம். அங்குப் பெய்யும் மழையிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்று கொண்டுவருவது. எனவே ஆண்டின் பெரும்பகுதி திரி நனையும் அச்சம் குறைவு. பெருமழையில் சக்கிமுக்கித் துப்பாக்கியும் மருந்து நனைந்து வாளாவிருக்கும் என்பதையும் மறத்தலாகாது. அன்றியும், சக்கிமுக்கிக் கருவிக்கு வலிய வில்லும், பதமிட்ட எஃகுத் தகடும், அடிக்கடி மாற்றவேண்டிய நல்ல கல்லும் தேவை. கும்பினிக்கு அவை கடல் கடந்து வந்தன. திரித் துப்பாக்கிக்கோ திரிக்கப் பருத்தி நூல் அல்லது மரநார் போதும். வெடியுப்பு, தமிழ் மாவட்டங்களில் உவர்மண்ணைக் கரைத்துக் காய்ச்சி எடுக்கப்பட்ட பொருள். கொக்கி ஒடிந்தால் ஊர்க் கொல்லன் உலையிலேயே சீர்செய்யலாம். மலிவு என்பது இங்கே இழிவன்று; பிறர் கையை எதிர்பாராமல் நிற்கும் ஆற்றல் அது.

எட்டும் தொலைவிலும் நாட்டுத் துப்பாக்கி இளைத்ததன்று. ஆங்கிலச் சிப்பாயின் துப்பாக்கி நூறு கெஜத்திற்கு அப்பால் தனி ஒருவனைக் குறிதவறாது சுடத் தகுதியற்றது. கூட்டத்தை நோக்கிக் கூட்டமாகச் சுடுவதற்கே அது அமைந்தது. கீழை நாடுகளின் நீண்ட குழல் துப்பாக்கிகள் பல, நிதானித்துக் குறிவைத்துச் சுடுவதற்கு ஏற்றவை. 1842 ஜனவரியில் காபூலிலிருந்து பின்வாங்கிய ஆங்கிலப் படையை ஆப்கானியர் மலையிடுக்குகளில் அழித்தபோது, அவர்களுடைய நீண்ட நாட்டுத் துப்பாக்கிகள் ஆங்கிலத் துப்பாக்கி எட்டாத தொலைவிலிருந்து சுட்டன. 1543ஆம் ஆண்டில் போர்த்துக்கீசியரிடமிருந்து திரித் துப்பாக்கியைப் பெற்ற ஜப்பானியர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அதனையே கைக்கொண்டிருந்தனர். ஆகவே திரித் துப்பாக்கியைக் கைவிடாமை அறியாமையின் அடையாளம் ஆகாது.

இனிப் போர்க்களத்திற்கு வருவோம். 1799 செப்டம்பர் 5ஆம் நாள் மேஜர் பானர்மன் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை முதன்முறை தாக்கினார். ஏறிப் பிடிக்க முயன்ற அவருடைய படை பின்னடைந்தது. பின்னர் வீரபாண்டிய கட்டபொம்மன் கோட்டையை விட்டு நீங்கி, புதுக்கோட்டைத் தொண்டைமான் ஆட்களால் பிடிபட்டு, அக்டோபர் 16ஆம் நாள் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டதை நீங்கள் அறிவீர்கள். பாளையக்காரர்கள் கோட்டைகளை இடிக்கவேண்டும், ஆயுதங்களை ஒப்படைக்கவேண்டும் என்று பானர்மன் ஆணையிட்டார். கரிசற்சீமை அடங்கிவிட்டது என்று கும்பினியார் எண்ணினர்.

1801 பிப்ரவரி 2ஆம் நாள் கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையினின்றும் தப்பினார். சில நாள்களுக்குள் பாஞ்சாலங்குறிச்சியின் மண்கோட்டை மீண்டும் எழுந்தது. மேஜர் மெக்காலேயுடன் சென்ற வெல்ஷ் என்னும் இளம் அதிகாரி, தரைமட்டமாக்கப்பட்டதாகக் கருதிய கோட்டை எழுந்து நிற்கக் கண்டு தாங்கள் அடைந்த வியப்பைப் பிற்காலத்தில் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதிவைத்தார். கோட்டையைப் போலவே ஆயுதங்களும் மீண்டும் தோன்றின. ஒளித்துவைத்தவை சில, புதிதாகச் செய்தவை சில என்றே நாம் கருத வேண்டும். கடல் கடந்து வரும் கருவியை நம்பியிருந்தால் அத்துணை விரைவில் ஒரு படை எழுந்திருக்க முடியுமா?

அக்கோட்டை சுமார் 500 அடி நீளமும் 300 அடி அகலமும் கொண்டது. மதில் சுமார் 12 அடி உயரம். கல்லன்று, செங்கல்லன்று, முழுதும் மண். சுற்றிலும் முள்வேலி. கல்மதில் பீரங்கிக் குண்டால் சிதறும். மண்மதிலோ குண்டை விழுங்கிக்கொள்ளும். அம்மதிலுக்குப் பின்னால், தோளோடு தோள் நிற்கவேண்டிய தேவையும் இல்லை. நிமிடத்திற்கு மூன்று முறை சுடவேண்டிய கட்டாயமும் இல்லை. ஒருவன் சுட்டுவிட்டு மறைவில் மருந்திடலாம், மற்றொருவன் சுடலாம். துப்பாக்கி முனையில் கத்தி இல்லாத குறையை 18 அடி நீளமுள்ள நெடுவேல்கள் நீக்கின. துப்பாக்கியும் வேலும் மண்ணும் சேர்ந்து ஒரே கருவியாயின.

1801 மார்ச் 31ஆம் நாள் அந்தக் கருவியின் வலிமை வெளிப்பட்டது. காலை முதல் பீரங்கியால் மதிலைத் தாக்கி, உடைப்பு விழுந்தது எனக் கருதிப் பிற்பகலில் கும்பினிப் படை ஏறியது. முள்வேலியைக் கடந்து உடைப்பின் உச்சியை அடைந்தவர்கள் உடனுக்குடன் சுடப்பட்டனர். அல்லது வேலால் குத்தப்பட்டனர். முன்னணியில் சென்ற 120 ஐரோப்பியருள் காயமின்றி மீண்டவர் 46 பேரே. மெக்காலே பின்வாங்கி, புதிய படைக்காக ஏறத்தாழ இரண்டு மாதம் காத்திருந்தார்.

மே மாதம் கர்னல் அக்னியு வந்தார். அவருடன் வந்தது மேம்பட்ட கைத்துப்பாக்கி அன்று. மார்ச்சு மாதத்தில் சிப்பாய்கள் ஏந்திய அதே சக்கிமுக்கித் துப்பாக்கிதான். வேறுபட்டவை எவை? மேலும் பீரங்கிகள் வந்தன, ஆங்கில அரசரின் 77ஆம் படைப்பிரிவு வந்தது, குதிரைப்படை வந்தது. கும்பினிக்குக் கடலும் பணமும் பல மாவட்டங்களின் தானியமும் துணைநின்றன. மேலும், எட்டயபுரத்தார் முதலிய அண்டைப் பாளையத்தாரின் ஆட்கள் கும்பினியின் பக்கம் நின்றனர். அவர்கள் கையிலும் இருந்தவை இதே நாட்டுப் படைக்கலங்கள்தாம்! மே 23, 24 நாள்களில் பெரும் பீரங்கிகள் மதிலைப் பிளந்தன. பிளந்த பின்னும் உடைப்பிலே கடும்போர் நிகழ்ந்த பிறகே கோட்டை வீழ்ந்தது. கோட்டையை விட்டு வெளிப்போந்த வீரர்கள் மறைவில்லாத கரிசற் சமவெளியைக் கடக்கும்போது குதிரைப்படை அவர்களை வெட்டி வீழ்த்தியது. திரித் துப்பாக்கியின் மெய்யான குறை அங்கேதான் வெளிப்பட்டது: மதிலின் பின்னால் சிங்கமாய் இருந்தது, வெட்டவெளியில் துணையற்றதாயிற்று. ஊமைத்துரை தப்பிச் சென்று மருது சகோதரர்களுடன் சேர்ந்தார். பின்னர்ப் பிடிபட்டு 1801 நவம்பர் 16ஆம் நாள் பாஞ்சாலங்குறிச்சியிலேயே தூக்கிலிடப்பட்டார்.

இதே பாடம் முன்னரும் கற்பிக்கப்பட்டிருந்தது. 1755ஆம் ஆண்டில் கர்னல் ஹெரான், பூலித்தேவரின் நெற்கட்டும்செவல் கோட்டையின் முன் வந்து நின்று, மதிலை இடிக்கும் பெரும் பீரங்கிகள் இல்லாமையால் திரும்பிச் சென்றார். அவருடைய சிப்பாய்களின் கைத்துப்பாக்கிகள் அவருக்கு உதவவில்லை. கரிசற்சீமைக் கோட்டைகளின் வரலாற்றில் வெற்றி தோல்வியை முடிவுசெய்தது கைத்துப்பாக்கியன்று, பெரும் பீரங்கியே.

இன்னும் ஒரு சான்று உண்டு. என் மனத்தில் அதுவே வலியது. 1801 டிசம்பர் 1ஆம் நாள் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் ஓர் அறிக்கை வெளியிட்டார். தென்சீமைப் பாளையக்காரரின் படைப்பணி ஒழிக்கப்பட்டது. துப்பாக்கி, திரித் துப்பாக்கி, நெடுவேல் முதலியவற்றை அனுமதியின்றி வைத்திருப்போர்க்கு மரண தண்டனை என்று அவ்வறிக்கை எச்சரித்தது. நண்பர்களே, சிந்தியுங்கள். பயனற்ற ஒரு பொருளை வீட்டில் வைத்திருந்தால் உயிரை வாங்குவோம் என்று எந்த அரசாவது ஆணையிடுமா? நாட்டுத் துப்பாக்கியை ஏளனம் செய்தவர்கள் அதனை அஞ்சினார்கள். அந்த அச்சமே அக்கருவிக்கு அவர்கள் எழுதிக்கொடுத்த நற்சான்று.

அதன்பின் 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் வந்தது. இந்தியன் உரிமம் பெற்றாலன்றித் துப்பாக்கி வைத்திருக்கலாகாது. ஐரோப்பியனுக்கோ விலக்கு உண்டு. 1887இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மகாசபை அச்சட்டத்தைத் திருத்துமாறு கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. விடுதலைக்குப் பின் 1959ஆம் ஆண்டுச் சட்டம் அதன் இடத்தைப் பெற்றது. இந்நாளில் ஆயுதம் மக்கள் கையில் பெருகுதல் வேண்டும் என்பது என் கருத்தன்று. அமைதியான நாட்டிற்கு உரிமமும் கட்டுப்பாடும் வேண்டுவனவே. நான் பேசுவது ஒரு பொருளின் மீது வரலாறு சுமத்திய பழியைப் பற்றி மட்டுமே.

அப்பழி நமக்கு ஏன் இனிக்கிறது? "கருவி சரியில்லை, ஆகையால் தோற்றோம்" என்று சொல்லிவிட்டால், வேறு கேள்விகளைக் கேட்கவேண்டியதில்லை. பாளையங்கள் ஒன்றுபடாதது ஏன்? அண்டை வீட்டான் பகைவனுடன் சேர்ந்தது ஏன்? மதிலுக்குள் காக்கத் தெரிந்தவர்கள், வெட்டவெளியில் குதிரைப்படையை எதிர்க்கும் வழியைத் தேடாதது ஏன்? பெரும் பீரங்கியை வார்க்கவும் வாங்கவும் வேண்டிய செல்வம் ஒரு சிறு பாளையத்திடம் எவ்வாறு இருக்கும்? இவையே கடினமான கேள்விகள். ஊர்க் கொல்லன் அடித்த துப்பாக்கியின் மேல் பழியைப் போடுவதால், அதனை ஏந்தி நின்றவனின் திறமையையும் குறைக்கிறோம்; அவனைக் கைவிட்டவர்களின் பிழையையும் மறைக்கிறோம்.

அன்று என்னிடம் கேட்ட மாணவருக்கு இப்போது என் விடை இது. தம்பி, திரித் துப்பாக்கிக்குக் குறைகள் உண்டு. வெட்டவெளியில் அவை உயிரைக் குடிக்கும் குறைகள். ஆயினும் அதற்கு உரிய இடத்தில், மண்மதிலின் பின்னால், அது தன் கடமையைச் செய்தது. மார்ச்சு 31ஆம் நாள் அதே துப்பாக்கியைக் கொண்டுதான் வென்றார்கள்; மே 24ஆம் நாள் அதே துப்பாக்கியைக் கொண்டுதான் தோற்றார்கள். இரண்டு நாளிலும் மாறாதிருந்த ஒன்றைத் தோல்விக்குக் காரணமாகக் காட்டுதல் முறையாகுமா? மாறியது எது என்று தேடுவதே வரலாறு கற்பவரின் வேலை.

அடுத்த முறை பாஞ்சாலங்குறிச்சிக்குச் செல்லும்போது, நினைவுக் கோட்டையைப் பார்ப்பதோடு நின்றுவிடாமல், அயலாரின் கல்லறைகளையும் சென்று பாருங்கள். அந்த மலிவான துப்பாக்கியின் தரத்தைப் பற்றி அவை சொல்லும் சாட்சியத்தையும் கேட்டபின் உங்கள் தீர்ப்பை எழுதுங்கள்.