தொப்பி பின்னிய கைகள்

குளிர் நாடுகளில் குடியேறியுள்ள நம் பழைய மாணவிகளின் வீடுகளில் பிள்ளைகள் தங்களுக்குப் பிடித்த விளையாட்டு அணியின் நிறத்தில், அல்லது விரும்பிப் பார்க்கும் தொலைக்காட்சித் தொடரின் சின்னம் போட்டு, ஒரு வூல் தொப்பி பின்னித் தரச் சொல்லிக் கேட்கிறார்கள். 'பீனி' என்று அதற்குப் பெயர். ஊரிலிருந்து பேரப்பிள்ளைகளைப் பார்க்கப் போன மூத்தம்மாமாருக்கு இது விசித்திரமாகத் தெரியலாம். ஒரு விளையாட்டுக்காரனுக்காகவும் நாடகப் பாத்திரத்துக்காகவும் நாட்கணக்கில் ஊசியோடு குந்தியிருப்பதா என்று கேட்கவும் கூடும். ஆனால் இந்தத் தொப்பியின் வரலாற்றைத் தேடிப் போனால் அதில் வெள்ளைக்காரருடைய பங்கு மட்டுமல்ல, நம்முடைய பங்கும் உண்டு. தான் நேசிப்பதைத் தலையில் அணிந்து காட்டும் வழக்கம் பழையது. அந்தத் தொப்பியைப் பின்னிய பெண்ணின் பெயர் எழுதப்படாமல் போவதும் அதே அளவு பழையது. நூற்றாண்டு மலர் ஒன்றில் இதை எழுதுவதற்கு அந்த இரண்டாவது வழக்கமே காரணம்.

இரு நிறப் பின்னலின் அடிப்படை எளிது. ஒரே வரிசையில் இரண்டு நூல்கள் கூடவே செல்கின்றன. தேவைப்படும் நிறம் முன்பக்கத்தில் கண்ணியாகிறது. மற்ற நூல் துணியின் பின்பக்கமாக ஓடி, தன் முறை வரும்வரை காத்திருக்கிறது. அப்படி ஓடும் நூலை இறுக்கினால் துணி சுருங்கும். தளர விட்டால் விரலில் மாட்டும். காயத்துக்குத் தையல் போடும்போதும் எங்களுக்கு இதே கவனம்தான் வேண்டும். இறுக்கினால் அவ்விடத்துக்கு இரத்தம் போகாது. தளர்ந்தால் காயத்தின் ஓரங்கள் பொருந்தாது.

இவ்வகைப் பின்னல் எங்கே தொடங்கியது என்று பார்த்தால் ஐரோப்பாவுக்கு முன் எகிப்து வருகிறது. இன்று உலக நூதனசாலைகளில் இருக்கும் மிகப் பழைய பின்னல் துணிகளுள் முக்கியமானவை, எகிப்தில் முஸ்லிம் ஆட்சி நடந்த காலத்துக்குரிய உடைத் துண்டுகளாகும். ஏறத்தாழ 11ஆம் நூற்றாண்டு முதல் 14ஆம் நூற்றாண்டு வரையானவை அவை. அவற்றில் பல ஆட்டு ரோமத்தால் அல்ல, பருத்தி நூலால் பின்னப்பட்டவை. நிறம் பெரும்பாலும் வெள்ளையும் அவுரி நீலமும். சிலவற்றில் கூஃபி எழுத்தின் சாயலில் அரபு எழுத்துகள் அலங்காரமாக ஓடுகின்றன. அதே எகிப்தின் பழைய ஃபுஸ்தாத் நகரின் மண்ணிலிருந்து குஜராத்தில் அச்சிடப்பட்ட பருத்தித் துணிகளும் கிடைத்துள்ளன. இந்து சமுத்திரத்தின் வணிகப் பாதையில் துணியும் சாயமும் கைவேலையும் எவ்வளவு தூரம் பயணம் செய்தன என்பதற்கு அது சாட்சி.

அடுத்த சாட்சி ஸ்பெயினில் இருக்கிறது. காஸ்தீல் நாட்டு இளவரசர் பெர்னாண்டோ தெ லா செர்தா 1275இல் இறந்தார். புர்கோஸ் நகரின் லாஸ் உவெல்காஸ் மடத்தில் உள்ள அவருடைய கல்லறையிலிருந்து பட்டு நூலால் பல நிறங்களில் பின்னிய தலையணை உறை எடுக்கப்பட்டது. ஓர் அங்குலத்துக்கு ஏறத்தாழ இருபது கண்ணிகள் என்னும் அளவுக்கு நுணுக்கமான வேலை அது. கிறிஸ்தவ இளவரசரின் தலைக்கு வைத்த அந்த உறையின் ஓரத்தில் அரபு எழுத்தில் ஒரு சொல் திரும்பத் திரும்ப வருகிறது. அந்தச் சொல் 'பரக்கத்'. நம் வீடுகளில் சோற்றுப் பானையைப் பார்த்தும் நெற்குவியலைப் பார்த்தும் சொல்கிற அதே சொல். பின்னியவர் ஸ்பெயின் முஸ்லிம்களில் ஒருவர் என்றே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இளவரசரின் பெயரும் இறந்த ஆண்டும் நம்மிடம் இருக்கின்றன. பின்னியவரின் பெயர் இல்லை.

1609ஆம் ஆண்டு முதல் ஸ்பெயினில் எஞ்சியிருந்த முஸ்லிம் வழித்தோன்றல்கள் அந்நாட்டிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். அவர்களுள் பலர் தூனிஸ் சென்று குடியேறினார்கள். 'ஷாஷியா' எனப்படும் சிவப்புத் தொப்பிக் கைத்தொழிலை அங்கே பெரிதாக வளர்த்தவர்கள் அவர்களே. ஷாஷியா பார்வைக்கு வெட்டித் தைத்த துணி போலத் தெரியும். உண்மையில் அது பின்னிய தொப்பி. தலையின் அளவைவிட மிகப் பெரிதாக, வெள்ளைக் கம்பளி நூலால், பெண்கள் வீட்டில் இருந்தபடி கையால் பின்னுவார்கள். பிறகு அதை வெந்நீரில் போட்டு அடித்துச் சுருங்க வைத்து, முள்ளுக் காயால் வாரிப் பஞ்சு எழுப்பி, சாயமிட்டு, அச்சில் ஏற்றி வடிவமைப்பார்கள். சுருங்கிய பின் கண்ணிகள் கண்ணுக்குத் தெரியா. தூனிஸ் நகரின் ஸைத்தூனா பள்ளிவாசலுக்குப் பக்கத்துக் கடைத்தெருவில் தொப்பியை விற்கும் ஆண்களைப் பயணிகள் பார்த்தார்கள். பின்னிய பெண்களைப் பார்க்கவில்லை.

நாம் 'துருக்கித் தொப்பி' என்று சொல்லும் ஃபெஸ் இதன் உறவுதான். 1829இல் சுல்தான் இரண்டாம் மஹ்மூத் அதை உதுமானிய அரசு அலுவலர்களின் தொப்பியாக்கினார். தூனிஸ் மட்டும் அந்தத் தேவையை நிறைவேற்ற முடியவில்லை. ஆஸ்திரியப் பேரரசின் பொஹீமியாப் பகுதியிலுள்ள ஸ்ட்ராகொனீட்ஸே என்னும் ஊரில், காலுறை பின்னிக்கொண்டிருந்தவர்கள் ஃபெஸ் பின்னும் தொழிலுக்கு மாறினார்கள். அந்த ஊர் பெரிய ஏற்றுமதித் தளமாயிற்று. 1908இல் ஆஸ்திரியா பொஸ்னியாவைத் தன்னோடு இணைத்தபோது உதுமானிய மக்கள் ஆஸ்திரியப் பொருள்களைப் பகிஷ்கரித்தார்கள். அவர்கள் முதலில் கழற்றி எறிந்த பொருள்களில் ஃபெஸ்ஸும் ஒன்று.

இலங்கையில் இத்தொப்பி பரவியதற்கு எகிப்தின் ஒராபி பாஷா ஒரு காரணம். ஆங்கிலேயரால் நாடு கடத்தப்பட்டு 1883இல் இங்கு வந்த அவர், 1901 வரை வாழ்ந்தார். அவரைப் பார்த்து நம்மவர்கள் ஃபெஸ் அணிந்தார்கள். 1905இல் அப்புக்காத்து எம். சீ. அப்துல் காதர் ஃபெஸ் அணிந்து உயர் நீதிமன்றத்தில் தோன்றியபோது பிரதம நீதியரசர் லேயார்ட் அதற்கு இடம் கொடுக்கவில்லை. முஸ்லிம்கள் கொதித்தெழுந்தார்கள். அவ்வாண்டு டிசம்பர் 31ஆம் திகதி மருதானையில் பெருங்கூட்டம் கூடியது. பின்னர் அந்தத் தடை நீங்கியது. 'துருக்கித் தொப்பிப் போராட்டம்' என்று பாடப்புத்தகத்தில் நாம் படித்த கதை இது. அப்துல் காதரின் பெயர் நினைவில் இருக்கிறது, இருக்க வேண்டியதுதான். ஆனால் அவர் தலையில் இருந்த தொப்பியும் எங்கோ ஒரு கையிலோ கருவியிலோ கண்ணி கண்ணியாகப் பின்னப்பட்டதே. அதைப் பின்னியவரை யாரும் கேட்கவில்லை.

பெயர் மட்டுமல்ல, கூலியும் கைவிட்டுப் போன கதை ஸ்கொத்லாந்துக்கு வடக்கே உள்ள ஷெட்லன்ட் தீவுகளில் நடந்தது. இரு நிறப் பின்னலுக்கு உலகப் புகழ் பெற்ற ஃபெயார் ஐல் அந்தத் தீவுக் கூட்டத்தைச் சேர்ந்தது. 1588இல் அங்கே உடைந்த ஸ்பானியக் கப்பலின் மாலுமிகள் இக்கலையைக் கற்றுக்கொடுத்தார்கள் என்று ஒரு கதை உண்டு. வரலாற்றாசிரியர்கள் அதை ஏற்பதில்லை. உறுதியாகத் தெரிந்தது வேறு. ஷெட்லன்ட் பெண்கள் பின்னிக் கொடுத்த உடைகளுக்கு வியாபாரிகள் காசு கொடுப்பதில்லை. தேயிலையும் துணியும்தான் கொடுத்தார்கள். இது குறித்து 1872இல் அரசாங்க விசாரணையே நடந்தது. 1920களில் வேல்ஸ் இளவரசர் ஃபெயார் ஐல் ஸ்வெட்டர் அணிந்து கொல்ஃப் விளையாடியதும் அது நாகரிகமாயிற்று. அப்போதும் புகழ் அணிந்தவருக்கே.

இனி நம் பிள்ளைகள் கேட்கும் தொப்பிக்கு வருவோம். 1974இல் பிபிசியின் 'டொக்டர் ஹூ' தொடருக்கு ஒரு கழுத்துச் சால்வை தேவைப்பட்டது. உடை வடிவமைப்பாளர் பல நிற வூல் உருண்டைகளை வாங்கி, பெகோனியா போப் என்னும் பின்னல்காரியிடம் கொடுத்தார். எவ்வளவு வேண்டும் என்று தெளிவாகச் சொல்லாததால் அவர் கொடுத்த வூல் முழுவதையும் பின்னிவிட்டார். நிலத்தில் இழுபடும் நீளத்தில் வந்த அந்தச் சால்வையே தொடரின் அடையாளமாயிற்று. இரசிகர்கள் வீட்டுக்கு வீடு அதைப் பின்னத் தொடங்கினார்கள். பின்னியவரின் பெயர் நிலைத்த மிகச் சில சந்தர்ப்பங்களில் இது ஒன்று.

2002இல் அமெரிக்காவில் வந்த 'ஃபயர்ஃப்ளை' தொடரில், முரட்டு ஆசாமி ஒருவனுக்குத் தாய் கடிதத்தோடு ஒரு தொப்பி பின்னி அனுப்புகிறாள். மஞ்சளும் செம்மஞ்சளுமாக, காது மூடியோடு, அழகென்று சொல்ல முடியாத தொப்பி. அவன் அதை வெட்கமின்றிப் போட்டுக்கொள்கிறான். தொடர் சீக்கிரமே நிறுத்தப்பட்டது; இரசிகர்களோ அந்தத் தொப்பியைப் பின்னிப் பின்னி அதன் நினைவை வாழ வைத்தார்கள். 2013இல் ஃபாக்ஸ் நிறுவனத்தின் அனுமதியோடு வேறொரு நிறுவனம் அதே தொப்பியைத் தயாரித்தது. அதன் பின் கையால் பின்னி விற்றவர்களுக்கு, விற்பனையை நிறுத்தும்படி ஃபாக்ஸ் கடிதங்கள் அனுப்பியது. சட்டம் யார் பக்கம் என்பது ஒரு கேள்வி. பத்து வருடமாக அந்தத் தொப்பியை உயிரோடு வைத்திருந்த கைகளுக்கு அதில் என்ன உரிமை என்பது மற்றொரு கேள்வி. ஷெட்லன்ட் பெண்கள் கேட்டதும் ஏறத்தாழ இதுவே.

நம் வெயிலில் வூல் தொப்பி எதற்கு என்று வரிப்பத்தான்சேனையில் இருப்பவர்கள் கேட்பது நியாயம். எகிப்தியர் காட்டிய வழியில் பருத்தி நூலில் பின்னலாம். பக்கத்து மருதமுனை நெசவுக்குப் பேர்போன ஊர். சாயமிட்ட பருத்தி நூல் நமக்குப் புதிதல்ல. 1996இல் உலகக் கிண்ணம் வென்ற நம் கிரிக்கெட் அணியின் நீலமும் மஞ்சளும் இரு நிறப் பின்னலுக்கு நன்றாகப் பொருந்தும். கணக்கு இவ்வளவுதான்: பத்து சென்ரிமீற்றருக்கு 22 கண்ணி வருமானால், 50 சென்ரிமீற்றர் சுற்றளவுக்கு 110 கண்ணி வேண்டும். நமது கோலம் எட்டுக் கண்ணி அகலமென்றால் 110 எட்டால் பிரிபடாது. 112 போட்டால் கோலம் சரியாகப் பதினான்கு முறை வரும். உச்சிக்கு வந்ததும் 112ஐ எட்டுப் பங்காக்கி, சுற்றுக்கு எட்டுக் கண்ணி குறைத்தால், பதின்மூன்று சுற்றில் எட்டுக் கண்ணி எஞ்சும். அவற்றின் ஊடாக நூலைக் கோத்து இழுத்தால் தொப்பி முடிந்தது.

தொப்பி உயிர் காக்கும் பொருளும்கூட. பிறந்த குழந்தையின் உடலில் தலை பெரும் பங்கு. அதன் வழியே வெப்பம் விரைவாக வெளியேறும். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு நம் வெப்ப நாட்டிலும் உடல் குளிர்ந்துவிடும். 1970களின் இறுதியில் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் வைத்தியர்கள் தொடங்கிய 'கங்காரு' பராமரிப்பில், குழந்தை தாயின் நெஞ்சோடு தோல் படக் கிடக்கும். அதன் தலையில் ஒரு தொப்பி இருக்கும். நம்மில் சிலர் அணிந்த முதல் உடுப்பு யாரோ ஒரு மாமியோ பெரியம்மாவோ பின்னிய தொப்பியாக இருந்திருக்கலாம்.

இவ்வளவு இருந்தும், நம் ஊர்களில் ஊசி நூல் வேலை படிப்பில் பின்தங்கிய பிள்ளைக்குரியதாகவே பார்க்கப்பட்டது. கெட்டிக்காரப் பிள்ளை விஞ்ஞானம் படிக்க வேண்டும். மற்றவள் தையல் பழகிக் கலியாணத்துக்குக் காத்திருக்க வேண்டும். மேலே சொன்ன கணக்கைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பிரிவினை எவ்வளவு பொய் என்று விளங்கும். வகுத்தலும் மடங்கும் சமச்சீரும் பொறுமையும் அந்த வகுப்பில்தான் பலருக்குக் கைவழியாக வந்து சேர்ந்தன. கணவரை இழந்த பின்னும் பிள்ளைகளைப் படிக்க வைத்த பெண்களில் பலரைக் காப்பாற்றியதும் தையல் மெஷினும் ஊசியும்தான்.

நூற்றாண்டு மலர்களில் அதிபர்களின் பெயர்ப் பட்டியல் வரும். பல்கலைக்கழகம் சென்றோரின் பட்டியலும் வரும். இரண்டும் வேண்டும். அவற்றோடு மூன்றாவது பட்டியல் ஒன்றையும் நாம் தொடங்கலாம். தையலும் பின்னலும் கற்பித்த ஆசிரியைகள், அதைத் தொழிலாக்கிய மாணவிகள், வருடா வருடம் இல்ல விளையாட்டுப் போட்டிக்குக் கொடியும் உடுப்பும் தைத்த உம்மாமார் ஆகியோரின் பட்டியல் அது. உலகின் எந்தப் பகுதியில் இருந்தாலும், உங்களுக்குத் தெரிந்த பெயர்களை, அவரவர் அல்லது குடும்பத்தாரின் சம்மதத்தோடு, ஆண்டுகளும் சேர்த்துச் சங்கத்துக்கு எழுதி அனுப்புங்கள். வீட்டில் பிள்ளைக்கு ஒரு தொப்பி பின்னினால், எந்த அணியின் நிறமானாலும், உட்புற ஓரத்தில் உங்கள் பெயரையும் ஆண்டையும் ஒரு வரி தைத்து விடுங்கள்.